ஜான் பென்னிகுவிக்

கர்னல் ஜான் பென்னிகுவிக் (ஜனவரி 15, 1841 – மார்ச் 9, 1911) பிரித்தானிய இந்தியாவின் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய இராணுவப் பொறியாளரும் பொதுப்பணித் துறை அதிகாரியும் ஆவார். ஏலமலைப் பகுதியில் மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, அதன் நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பிய திட்டத்தை வடிவமைத்தவர். 1887 முதல் 1895 வரை அதனை நடத்தி முடித்தவரும் இவரே. இவர் கட்டிய அணை முல்லைப் பெரியாறு அணை என அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்கள் இந்நீரால் பயன் பெறுகின்றன.

பிறப்பும் கல்வியும்

பென்னிகுவிக் 1841ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் புனேயில் பிறந்தார். இவருடைய தந்தையின் பெயரும் ஜான் பென்னிகுவிக் என்பதே. அவர் பிரித்தானியப் படையில் பிரிகேடியர் பொறுப்பு வகித்தவர். இரண்டாம் ஆங்கிலேய-சீக்கியப் போரின்போது, 1849 ஜனவரி 13 அன்று இன்றைய பாகிசுத்தானின் பஞ்சாப் பகுதியில் உள்ள சிலியன்வாலாவில் நடந்த போரில் தந்தை கொல்லப்பட்டார். அதே களத்தில் மூத்த சகோதரர் அலெக்சாந்தரும் உயிரிழந்தார். தம் எட்டாவது பிறந்த நாளுக்கு இரண்டு நாள்களுக்கு முன்னர் தந்தையையும் தமையனையும் ஒருசேர இழந்த பென்னிகுவிக் இங்கிலாந்தில் வளர்ந்தார்.

செல்டனாம் கல்லூரியில் பயின்ற பின்னர், கிழக்கிந்திய நிறுவனம் தன் படை அதிகாரிகளையும் பொறியாளர்களையும் பயிற்றுவிக்க நடத்திய அடிசுக்கோம்பு இராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். காவிரி, கோதாவரி ஆறுகளில் பாசனப் பணிகளைச் செய்த ஆர்தர் காட்டனும் முற்காலத்தில் இக்கல்லூரியில் பயின்றவரே. 1858இல் பென்னிகுவிக் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் லெப்டினன்டாக நியமிக்கப்பட்டு, 1860இல் இந்தியாவுக்கு வந்தார்.

பணியும் குடும்பமும்

1867-68இல் அபிசீனியாவுக்கு (இன்றைய எத்தியோப்பியா) அனுப்பப்பட்ட பிரித்தானியப் படையில் பணியாற்றி, அதற்கான பதக்கத்தைப் பெற்றார். அங்கிருந்து திரும்பிய பின்னர் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் பாசனப் பணிகளில் ஈடுபட்டார். 1879இல் கிரேசு சார்சியானா சேமியர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஐந்து பெண்களும் ஒரு மகனும் பிறந்தனர். தந்தையின் பெயரையே கொண்ட மகன் பிற்காலத்தில் இங்கிலாந்தில் நீதிபதியாக விளங்கினார். பென்னிகுவிக் துடுப்பாட்டத்திலும் ஆர்வம் உடையவர்.

மலையின் இரு பக்கங்கள்

பென்னிகுவிக் எடுத்துக்கொண்ட பணியை விளங்கிக்கொள்ள அந்நிலப்பகுதியின் அமைப்பை அறிதல் வேண்டும். தேனி மாவட்டத்தின் மேற்கு எல்லையாக ஏலமலைத் தொடர் நிற்கிறது. போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்கள் இம்மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ளன. மேற்கே கேரளப் பகுதியில் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் பெருமழையைப் பொழிந்துவிட்டு, ஈரம் குறைந்த நிலையில் கிழக்கே இறங்குகிறது. இதனால் மலையின் ஒரு பக்கம் அடர்ந்த காடாகவும், மறுபக்கம் மழைமறைவுப் பகுதியாகவும் உள்ளன. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மலையேறுவோர் சில மணி நேரத்திலேயே இவ்வேறுபாட்டைக் காணலாம்.

கிழக்கே பாயும் வைகை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருந்தது. அம்மழை பொய்த்தால் மதுரை, இராமநாதபுரம் பகுதிகளின் கண்மாய்கள் வறண்டுவிடும். பெரியாற்றிலோ ஆண்டின் பெரும்பகுதி நீர் ஓடியது. பெரியாற்றின் ஒரு பகுதிக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் இடையே ஒரு மலைமுகடு மட்டுமே தடையாக இருந்தது.

முந்தைய முயற்சிகள்

பெரியாற்றைத் திருப்பும் எண்ணம் பென்னிகுவிக் காலத்துக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது.

1789இல் இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியின் அமைச்சரான பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மலைப்பகுதியை ஆராய்ந்து வருமாறு ஆட்களை அனுப்பினார். திட்டம் செய்யத்தக்கது எனக் கண்டபோதிலும், போதிய பொருள் இல்லாமையால் அது கைவிடப்பட்டது. 1808இல் இவ்விடத்தை ஆராய்ந்த பொறியாளர் ஜேம்சு கால்டுவெல், இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்ற கருத்துப்பட அறிக்கை அளித்தார். 1850இல் ஒரு சிற்றணை தொடங்கப்பட்டுக் காய்ச்சலாலும் கூலிச் சிக்கலாலும் நின்றுபோனது. 1862 முதல் ஆய்வு நடத்திய கேப்டன் ரைவ்சு, 1867இல் மண்ணால் அணை கட்டும் திட்டம் ஒன்றை முன்வைத்தார்.

இதுபற்றிய விவாதம் நீண்டுகொண்டிருந்த காலத்தில், 1876-78 ஆண்டுகளின் கொடும் பஞ்சம் தென்னிந்தியாவைத் தாக்கியது. தமிழ்நாட்டில் இது தாது வருடப் பஞ்சம் என அழைக்கப்படுகிறது. பஞ்சத்தால் வேலைகள் தடைப்பட்டன. எனினும், மழையை மட்டும் நம்பிய நிலங்களுக்கு உறுதியான நீர் தேவை என்பதை அரசுக்கு உணர்த்தியதும் அப்பஞ்சமே.

பென்னிகுவிக்கின் திட்டம்

1882இல் திட்டத்தைத் திருத்தி அமைத்து மதிப்பீடு தயாரிக்கும் பொறுப்பு, அப்போது மேஜராக இருந்த பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அளித்த திட்டம் 1884இல் ஏற்கப்பட்டது. அதன் முதன்மைக் கூறுகள் நான்கு.

முதலாவது, முல்லையாறும் பெரியாறும் கூடுமிடத்துக்குக் கீழே, குறுகிய பள்ளத்தாக்கில் ஓர் உயர்ந்த அணை. இரண்டாவது, அதனால் உண்டாகும் ஏரியின் வடக்குக் கிளையிலிருந்து, இன்றைய தேக்கடிப் பகுதியில், ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள வெட்டுக்கால்வாய். மூன்றாவது, அக்கால்வாயின் முடிவில் மலைமுகட்டைத் துளைத்துச் செல்லும் சுரங்கம். நான்காவது, மறுபக்கம் வெளிவரும் நீரை வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையில் சேர்த்து, பேரணை என்னும் இடத்தில் திருப்பி, பெரியாறு முதன்மைக் கால்வாயில் செலுத்தும் பாசன அமைப்பு.

முந்தைய திட்டங்கள் சிலவற்றில் கூறப்பட்ட மண் அணைக்கு மாறாக, பென்னிகுவிக் கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் ஆன எடை அணையைத் தேர்ந்தெடுத்தார். எடை அணை என்பது தன் எடையாலேயே நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது. பிரான்சின் புரான் ஆற்றில் 1866இல் முடிந்த அணைக்குப் பின்னரே இவ்வகை அணைகளைக் கணக்கிட்டுக் கட்டும் முறை பரவியது. வேல்சில் வின்வி அணை 1881-88 ஆண்டுகளில் எழுந்தது. ஆகவே பெரியாற்றுத் திட்டம் அக்காலத்தின் புதிய பொறியியல் முறையைச் சார்ந்தது. அதனைச் சாலையோ தொடர்வண்டியோ எட்டாத காட்டில் செய்ய வேண்டியிருந்ததே வேறுபாடு.

இத்திட்டத்தில் நீரின் மட்டமும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தது. ஏரியில் நீர் 104 அடிக்கு மேல் உயர்ந்தால் மட்டுமே அது சுரங்கத்தின் வழியே செல்லும். அதற்குக் கீழுள்ள நீர் ஏரியிலேயே தங்கிவிடும். எனவே அணையின் உயரத்தில் ஒரு பெரும்பகுதி, நீரைத் தேக்குவதைவிட, முகட்டைக் கடக்கும் மட்டத்துக்கு நீரைத் தூக்குவதற்கே பயன்படுகிறது.

குத்தகை உடன்படிக்கை

அணை அமையவிருந்த இடம் திருவிதாங்கூர் அரசுக்கு உரியது. நெடுங்காலப் பேச்சுக்குப் பின்னர் 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் பிரித்தானிய இந்திய அரசுக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்டது. 1886 ஜனவரி 1 முதல் 999 ஆண்டுகளுக்கு நிலம் குத்தகைக்கு விடப்பட்டது. 8,000 ஏக்கருக்கு, ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம் 40,000 ரூபாய் குத்தகைத் தொகையாக உறுதி செய்யப்பட்டது. பிற்காலத்தில் இரு மாநிலங்களுக்கிடையே எழுந்த சிக்கல்களுக்கு இவ்வுடன்படிக்கையே தொடக்கமாக அமைந்தது.

கட்டுமானம்

1887இல் வேலை தொடங்கியது. அணை அமையும் இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில், யானைகளும் பிற விலங்குகளும் நடமாடும் அடர்காட்டில் இருந்தது. பல வேலைகளைச் சரியான வரிசையில் நடத்துவதே இங்கு முதன்மையான சிக்கலாயிற்று. கல்லும் சுண்ணாம்பும் வந்து சேராமல் அணையை எழுப்ப இயலாது. பாதையும் ஏற்றுமுறையும் அமையாமல் சுண்ணாம்பு மலைக்கு மேல் வந்து சேராது. ஆற்றை ஒதுக்காமல் அடித்தளம் தோண்ட இயலாது. ஆற்றில் நீர் குறையாமல் அதனை ஒதுக்கவும் இயலாது. இவற்றுள் ஒன்று சில வாரங்கள் தாமதமானால், அடித்தள வேலைக்குரிய பருவம் கடந்து ஓர் ஆண்டே வீணாகும் நிலை இருந்தது.

பொருள்களைக் கொண்டு செல்லுதல்

அருகிலிருந்த தொடர்வண்டி நிலையம் அம்மையநாயக்கனூர் (இன்றைய கொடைக்கானல் ரோடு) ஆகும். அது வேலையிடத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. இயந்திரங்கள், இரும்புப் பொருள்கள் முதலியன அங்கிருந்து மாட்டு வண்டிகளில் கம்பம் பள்ளத்தாக்கின் வழியாக மலையடிவாரத்துக்கு வந்தன.

அணைக்கு வேண்டிய கல் அருகிலேயே கிடைத்தது. ஆனால் சுண்ணாம்புக்கல் கூடலூருக்கு அருகிலுள்ள குருவனூத்துப் பகுதியிலிருந்து வர வேண்டியிருந்தது. இதற்காக அடிவாரத்திலிருந்து மலைமேல் வரை கம்பிவடப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. மலைமேல் சேர்ந்த பொருள்கள், ஓடைகளை ஆழப்படுத்தி உண்டாக்கிய நீர்வழியில் படகுகள் மூலம் அணையிடத்தை அடைந்தன. சாலை, கம்பிவடம், படகு ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்த இவ்வழி, அணைக்கு முன்னதாகக் கட்டப்பட்ட தனித் திட்டம் எனலாம்.

இவ்வணையில் சிமெண்டு பயன்படுத்தப்படவில்லை. சுட்ட செங்கல்லை இடித்துப் பெறும் சுர்க்கி என்னும் தூளைச் சுண்ணாம்புடன் கலந்த காரையே பயன்பட்டது. அணையின் உட்பகுதி இக்காரையும் உடைகல்லும் சேர்ந்த கலவையாலும், முன்னும் பின்னும் உள்ள முகப்புகள் கற்கட்டாலும் ஆனவை. சுண்ணாம்புக் காரை மெதுவாகவே இறுகும். எனவே அணையை அடுக்கடுக்காகவே உயர்த்த முடிந்தது.

பருவமும் ஆறும்

பெரியாற்றில் சூன் முதல் தென்மேற்குப் பருவமழையாலும், அதன் பின்னர் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாலும் வெள்ளம் வரும். ஆற்றின் அடியில் வேலை செய்ய ஆண்டின் தொடக்க மாதங்களே எஞ்சின. கோடையிலோ காய்ச்சல் மிகுந்து வேலையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருந்தது. ஆகவே ஆற்றுப்படுகையில் அடித்தளம் இடுவதற்கு ஆண்டுதோறும் கிடைத்த காலம் மிகக் குறுகியது.

அக்குறுகிய காலத்தில் தற்காலிகத் தடுப்பணைகளை அமைத்து, ஆற்றை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் அடித்தளம் கட்டப்பட்டது. தடுப்பணைகளின் மரவேலைக்குக் கொச்சியிலிருந்து போர்த்துக்கீசியத் தச்சர்கள் வரவழைக்கப்பட்டனர். எதிர்பாராத வெள்ளங்கள் இத்தடுப்பணைகளைப் பலமுறை அடித்துச் சென்றன. ஒவ்வொரு முறையும் இழந்த வேலையை மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. அடித்தளக் கட்டு ஆற்றின் நீர்மட்டத்துக்கு மேல் எழுந்த பின்னரே, ஒரு வெள்ளத்தால் முழு வேலையும் அழியும் அச்சம் நீங்கியது. திட்டத்தின் மிகக் கடினமான கட்டம் அதன் அடிப்பகுதியே ஆகும். இன்று அணையைக் காண்போர் கண்ணுக்கு அப்பகுதி தென்படுவதில்லை.

சுரங்கம்

அணை எழும்பிய காலத்திலேயே மலைமுகட்டில் சுரங்கமும் வெட்டப்பட்டது. இதன் நீளம் 5,704 அடி. கடினமான பாறையைத் துளைக்க அழுத்தக் காற்றால் இயங்கும் துளைக்கருவிகளும் வெடிமருந்தும் பயன்பட்டன. லோகன், டெய்லர் முதலிய பொறியாளர்கள் பென்னிகுவிக்குடன் பணிபுரிந்தனர். அவர்களுள் லோகன், லோகன் துரை என்ற பெயரில் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் நினைவுகூரப்படுகிறார். திட்டத்தில் பணியாற்றிய மற்றொரு பொறியாளரான ஏ. டி. மெக்கன்சி, இத்திட்டத்தின் வரலாற்றைத் தனி நூலாக எழுதி 1899இல் வெளியிட்டார்.

தொழிலாளர்

சென்னைப் பயோனியர் படையின் முதலாம், நான்காம் பிரிவுகளைச் சேர்ந்த வீரர்களும், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் வந்த கூலித் தொழிலாளரும் இங்கு வேலை செய்தனர். மலைக்காய்ச்சல் எனப்பட்ட மலேரியா இவர்களைப் பெரிதும் வாட்டியது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராசு 1897இல்தான் கண்டறிந்தார். ஆகையால் அணை கட்டிய காலத்தில் நோயின் காரணமே தெரியாதிருந்தது. தேங்கிய நீரையோ கொசுவையோ தடுக்க வேண்டும் என்ற எண்ணம் எழ வழியில்லை. காய்ச்சல் மாதங்களில் காட்டைவிட்டு இறங்குவதே கைகண்ட வழியாக இருந்தது.

கட்டுமானக் காலத்தில் நோய்களால் இறந்தோர் எண்ணிக்கை 483 எனக் குறிப்பிடப்படுகிறது. இவர்களுட் பலர் அணைக்கு அருகிலுள்ள இடுகாட்டில் புதைக்கப்பட்டனர். பொறியாளர்களின் பெயர்கள் நூல்களில் இடம் பெற்றுள்ளன. கல் சுமந்தவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் இந்த எண்ணிக்கையாக மட்டுமே வரலாற்றில் எஞ்சியுள்ளனர்.

நீர் திறப்பு

1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பெரியாற்று நீர் முதன்முறையாகச் சுரங்கம் கடந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. அதே ஆண்டில் பென்னிகுவிக்குக்கு இந்திய விண்மீன் ஒழுங்கின் தோழர் (சி. எசு. ஐ.) என்னும் விருது வழங்கப்பட்டது.

அணையின் அளவுகள்

அடித்தளத்திலிருந்து உயரம்: 176 அடி (கைப்பிடிச் சுவர் உட்பட)
நீளம்: 1,200 அடி
மேற்பகுதி அகலம்: 12 அடி
முழு நீர்மட்டம்: 152 அடி
சுரங்கத்துக்கு நீர் செல்லத் தொடங்கும் மட்டம்: 104 அடி
முழுக் கொள்ளளவு: 15.66 ஆயிரம் மில்லியன் கன அடி

சொத்து விற்ற செய்தி

தடுப்பணைகள் அடித்துச் செல்லப்பட்ட பின்னர் அரசு மேலும் பணம் தர மறுத்தது என்றும், பென்னிகுவிக் இங்கிலாந்து சென்று தம் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்றும் ஒரு செய்தி மக்களிடையே பரவலாக வழங்குகிறது. இச்செய்திக்கு எழுத்துச் சான்று இல்லை என ஆய்வாளர் சிலர் சுட்டிக்காட்டியுள்ளனர். இது சென்னை மாகாண அரசின் பொதுப்பணித் துறைத் திட்டம். 1884இல் ஏற்கப்பட்ட மதிப்பீட்டின் அடிப்படையில் அரசு நிதியில் தொடங்கப்பட்டது.

ஆயினும் இச்செய்தி மக்கள் உள்ளத்தில் நிலைத்தமைக்குக் காரணம் உண்டு. தலைமுறைகளாகப் பலர் கைவிட்ட பணி ஒருவர் பொறுப்பேற்ற பின்னர் நிறைவேறியது. அடித்தளம் பலமுறை அழிந்தும் அவர் அதனை விட்டு நீங்கவில்லை. இவற்றை விளக்க மக்கள் நினைவு ஒரு தியாகக் கதையை நாடியது எனலாம். ஆற்றின் பருவத்தையும் காய்ச்சலின் பருவத்தையும் கணக்கிட்டு, மலைக்கு மேல் சுண்ணாம்பை ஏற்றும் வழியை முதலில் அமைத்து, வெள்ளம் அழித்ததை அடுத்த பருவத்தில் மீண்டும் கட்டியது அக்கதையின் துணையின்றியே மதிக்கத்தக்க செயலாகும்.

பிற்கால வாழ்க்கை

பென்னிகுவிக் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராகவும் அரசுச் செயலாளராகவும் இருந்தார். சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையிலும் உறுப்பினராக இருந்தார். 1896இல் இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

அதன் பின்னர் இங்கிலாந்தில் கூப்பர்சு ஹில் என்னுமிடத்தில் இயங்கிய அரச இந்தியப் பொறியியல் கல்லூரியின் தலைவராக 1896 முதல் 1899 வரை பணியாற்றினார். இக்கல்லூரி இந்தியப் பொதுப்பணித் துறைக்குப் பொறியாளர்களை உருவாக்கியது. 1897இல் பெரியாற்றைத் திருப்பிய பணிபற்றிய கட்டுரை ஒன்றை இலண்டன் குடிசார் பொறியாளர் கழகத்தில் அளித்தார். ஆசுத்திரேலியாவின் பிரிசுபேன் நகரம் 1893இல் பெருவெள்ளங்களால் பாதிக்கப்பட்டிருந்தது. அங்கு வெள்ளத் தடுப்பு குறித்து ஆலோசனை கூற 1899இல் இவர் அழைக்கப்பட்டார்.

1911 மார்ச் 9 அன்று இங்கிலாந்தின் சரே பகுதியில் உள்ள கேம்பர்லியில் காலமானார். அருகிலுள்ள பிரிம்லியின் புனித பேதுரு தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அணையின் பின்வரலாறு

அணையால் உண்டான ஏரியைச் சுற்றியுள்ள காடு, பின்னர் பெரியாறு வனவிலங்கு உய்விடமாகவும், 1978 முதல் புலிகள் காப்பகமாகவும் ஆனது. தேக்கடியில் படகில் செல்வோர் நீரில் நிற்கும் பட்ட மரங்களைக் காணலாம். அவை ஏரியில் மூழ்கிய காட்டின் எச்சங்கள்.

கிழக்குப் பக்கம், கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இந்நீரால் இருபோக நெல் விளையும் நிலமாக உள்ளது. பிற்காலத்தில் வெட்டப்பட்ட 18ஆம் கால்வாய், பெரியாற்று நீரை உத்தமபாளையம், போடிநாயக்கனூர் வட்டங்களின் கண்மாய்களுக்குக் கொண்டு செல்கிறது. மலையிலிருந்து இறங்கும் நீரைக் கொண்டு லோயர் கேம்பில் மின்னுற்பத்தி 1950களின் இறுதியில் தொடங்கியது. 1959இல் வைகை அணை திறக்கப்பட்ட பின்னர், பெரியாற்று நீரை அங்கும் தேக்கிவைக்க வழி ஏற்பட்டது.

சுண்ணாம்புக் காரையில் நீர்க்கசிவு ஏற்பட்டதால் 1930களிலும் 1960களிலும் அணைக்குள் சிமெண்டுக் குழம்பு செலுத்தப்பட்டது. 1970இல் தமிழ்நாடு, கேரள அரசுகளிடையே துணை உடன்படிக்கைகள் ஏற்பட்டு, குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அணையின் பாதுகாப்புக் குறித்துக் கேரளம் எழுப்பிய ஐயத்தால் 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அதன் பின்னர் மேலே கற்காரை மூடி, எஃகுக் கம்பிவடப் பிணைப்பு, பின்புறத்தில் கற்காரைத் தாங்கல் ஆகிய வலுப்படுத்தும் வேலைகள் செய்யப்பட்டன. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க இசைவளித்தது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு இதனை உறுதி செய்தது.

அணைக்குக் கீழே வாழும் கேரள மக்களுக்கு இது உயிர்ப் பாதுகாப்புச் சிக்கல். கிழக்கே உள்ள தமிழ்நாட்டு உழவர்களுக்கு இது வாழ்வாதாரம். பென்னிகுவிக் நீரைத் திருப்பிய காலத்தில் இருபுறமும் ஒரே பேரரசின் மேலாட்சிக்கு உட்பட்டிருந்தன. அவ்வாட்சி நீங்கிய பின்னரும் அணையும் குத்தகையும் தொடர்வதே இச்சிக்கலின் தனித்தன்மை.

நினைவு

தேனி மாவட்டத்தில் பல வீடுகளிலும் கடைகளிலும் பென்னிகுவிக்கின் படத்தைக் காணலாம். குழந்தைகளுக்கு அவர் பெயரை இடும் வழக்கமும் உண்டு. அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15 பொங்கல் காலத்தில் வருவதால், பாலார்பட்டி முதலிய ஊர்களில் மக்கள் அவர் நினைவாகப் பொங்கல் வைக்கின்றனர். கூடலூருக்கு அருகே லோயர் கேம்பில் தமிழ்நாடு அரசு அமைத்த மணிமண்டபம் 2013 ஜனவரி 15 அன்று திறக்கப்பட்டது. தேனி பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2022இல் கேம்பர்லியில் தமிழ்நாடு அரசின் முயற்சியால் அவருடைய சிலை நிறுவப்பட்டது.

காலவரிசை

1841 – புனேயில் பிறப்பு
1849 – தந்தையும் தமையனும் சிலியன்வாலாப் போரில் இறப்பு
1858 – சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் நியமனம்
1860 – இந்தியா வருகை
1867-68 – அபிசீனியப் படையெடுப்பில் பணி
1879 – திருமணம்
1882 – பெரியாற்றுத் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு
1884 – திட்டம் ஏற்கப்படுதல்
1886 – திருவிதாங்கூருடன் குத்தகை உடன்படிக்கை
1887 – கட்டுமானத் தொடக்கம்
1895 – நீர் திறப்பு
1896-99 – கூப்பர்சு ஹில் கல்லூரித் தலைவர்
1911 – கேம்பர்லியில் இறப்பு